ஒரு பாட்டுக்கு எத்தனை புள்ளிகள்?

திரைப்பாடல்களைப் பற்றி நம் மொழியில் எழுதப்பட்டவை ஏராளம். எந்த ராகம், எந்தத் தாளம், எந்த வாத்தியம் எங்கே நுழைகிறது, எந்தக் கவிஞரின் சொல் எந்த மெட்டுக்குள் எப்படி அமர்ந்தது என்றெல்லாம் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறோம். ஆனால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நம் பாடல்களில் பெரும்பாலானவை ஒரு கண்ணாடித் திரையின் முன்னால்தான் உருவாகின்றன. அந்தத் திரையின் அகலம் என்ன, உயரம் என்ன, அதில் எத்தனை புள்ளிகள் என்பவை பாடலைச் செய்கிறவரின் கண்ணையும் கழுத்தையும், ஓரளவு கற்பனையையும்கூடத் தீர்மானிக்கின்றன. இதைப் பற்றி நாம் பேசியதாக நினைவில்லை. செவிக்கான கலையில் கண்ணுக்கு என்ன வேலை என்ற கேள்வி எழுவது இயல்பே. அந்தக் கேள்விக்கு வரலாற்றின் வழியாகவே விடை தேட முயல்கிறோம்.

சென்னையின் மேற்குப் புறத்தை, அதாவது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். கோடம்பாக்கமும் வடபழனியும் சாலிகிராமமும் திரையிசையின் முகவரிகள். அந்த முகவரிகளுக்குக் கட்டுப்படியாகும் வாடகை எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கீபோர்டு வாசிப்பவர், ரிதம் புரோகிராமிங் செய்பவர், தேவாலயப் பாடல் குறுந்தகடுகளுக்கு இசை சேர்ப்பவர், குறும்படங்களுக்குப் பின்னணி இசை அமைக்கும் பொறியியல் மாணவர் எனப் பலர் மேற்கே ரயில் பாதையையும் பூந்தமல்லி நெடுஞ்சாலையையும் ஒட்டிய வீடுகளில் ஓர் அறையை ஒழித்து அதற்கு ஸ்டூடியோ என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள். அந்த அறையின் சாளரத்தைச் சத்தத்துக்காக அடைத்துவிடுவார்கள். எனவே அவர்கள் நாளெல்லாம் பார்க்கும் ஒரே சாளரம் கணினித் திரைதான்.

*

திரை வருவதற்கு முன் தாள் இருந்தது. பிரசாத் ஸ்டூடியோவிலும் ஏவி.எம்மிலும் ஐம்பது பேர் கொண்ட வாத்தியக்குழு ஒரே கூடத்தில் அமர்ந்து வாசித்த நாட்களில், இசையமைப்பாளர் பாடலைப் 'பார்த்தது' ஐந்து கோட்டுத் தாளில்தான். இளையராஜா வாத்தியத்தைத் தொடாமலே முழு வாத்தியக்குழுவுக்குமான குறிப்புகளை விரைந்து எழுதுவார் என்பது நாடறிந்த செய்தி. இங்கே நமக்கு வேண்டியது அந்தத் தாளின் ஒரு குணம். நன்றாக விரித்து வைத்த முழு இசைக்குறிப்புத் தாளில் குழலும் வயலினும் செல்லோவும் கித்தாரும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். எந்தக் கணத்தில் யார் மௌனம், யார் பேச்சு என்பது ஒரே பார்வையில் தெரியும். தாளுக்குச் சுருள் பட்டை கிடையாது. ஒரு பகுதியைப் பார்க்க வேறொரு பகுதியை மறைக்கவேண்டிய அவசியமும் கிடையாது.

கணினி முதலில் பறித்தது இந்தச் சௌகரியத்தைத்தான்.

1979இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் உருவாக்கிய ஃபேர்லைட் என்னும் கருவியில் பச்சை எழுத்துகள் ஒளிரும் ஒரு திரையும், அதன்மேல் தொட்டு எழுத ஓர் ஒளிப்பேனாவும் இருந்தன. 1982இல் வந்த அதன் இரண்டாம் தலைமுறையில் 'பேஜ் ஆர்' என்றொரு பக்கம் சேர்ந்தது. எட்டுத் தடங்கள் மேலிருந்து கீழாகவும், காலம் இடமிருந்து வலமாகவும் அதில் அமைந்தன. இன்று ஆவடியில் ஓர் இளைஞர் திறந்துவைத்திருக்கும் எந்த இசை மென்பொருளும் அந்தப் பக்கத்தின் பேரப்பிள்ளைதான். ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு தாளச்சுற்றுதான் தெரியும். இசையமைப்பாளர் பாடல் முழுவதையும் தலைக்குள்தான் வைத்திருக்க வேண்டியிருந்தது.

1983இல் மிடி என்னும் பொதுமொழி வந்து, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. 1984இன் முதல் மெக்கின்டாஷ் கணினியின் ஒன்பது அங்குலத் திரையில் 512 × 342 புள்ளிகள். 1985இல் வந்த அட்டாரி எஸ்.டி. கணினியின் முதுகில் மிடி துளைகள் பிறவியிலேயே அமைந்திருந்தன. அதன் கறுப்பு வெள்ளைத் திரையில் 640 × 400 புள்ளிகள். இந்த எண்கள் இன்று சிரிப்பூட்டலாம். ஆனால் அந்த அட்டாரித் திரையைப் பற்றிப் பழைய இசைக்காரர்கள் இன்றும் மரியாதையோடு பேசுவதற்குக் காரணம் உண்டு. அது நொடிக்கு எழுபது தடவைக்கு மேல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அக்காலத்து வீட்டுக் கணினிகள் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைந்து மினுங்கிக்கொண்டிருக்கையில், அட்டாரியின் திரை காகிதம்போல அசையாமல் நின்றது. வண்ணம் இல்லை. புள்ளிகள் குறைவு. ஆயினும் கண் வலிக்கவில்லை. புள்ளிகளின் எண்ணிக்கை வேறு, கண்ணின் சுகம் வேறு என்பதற்கு வரலாறு தந்த முதல் சான்று அது.

அந்த 640 × 400 சதுக்கத்துக்குள்தான் ஜெர்மனியின் ஹாம்பர்க் வட்டாரத்திலிருந்து இரு மென்பொருட்கள் பிறந்தன. ஸ்டைன்பர்க் நிறுவனத்தின் கியூபேஸ் 1989இல் வந்தது. தடங்கள் கிடைமட்டமாக ஓட, பாடலின் பகுதிகள் செங்கற்கள்போல அவற்றின்மேல் அடுக்கப்படும் அந்தக் காட்சி பின்னால் வந்த எல்லாருக்கும் இலக்கணமாகிவிட்டது. சி-லேப் நிறுவனத்தின் நோட்டேட்டர் இன்னொன்று. அதன் வழித்தோன்றலே லாஜிக். சிறிய திரையில் முழுப்பாடலையும் காட்ட வேண்டும் என்ற நெருக்கடிதான் அந்த 'செங்கல்' கற்பனையைப் பெற்றது என்று நாம் கருதுகிறோம். தாளில் ஆயிரம் சுரங்களாக இருந்தது, திரையில் 'பல்லவி' என்ற ஒரு செவ்வகமாகச் சுருங்கியது. செவ்வகத்தை நகலெடுப்பது எளிது. சுரங்களைத் திரும்ப எழுதுவது கடினம். இரண்டாம் சரணம் முதல் சரணத்தின் அச்சுப்படியாக அமையும் பழக்கத்துக்கு இசையமைப்பாளரின் சோம்பலை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. திரையும் பாதிப் பொறுப்பேற்க வேண்டும்.

தமிழில் இந்த மாற்றத்தின் தொடக்கத்தைக் குறிக்கப் பலரும் 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தையே நினைவுகூர்கிறார்கள். கணினியின் துணையோடு இசை கோக்கப்பட்ட நம் முதல் முயற்சிகளில் அது ஒன்று. 1992இல் 'ரோஜா' வந்தபோது, கோடம்பாக்கத்தில் ஒரு வீட்டை ஒட்டி அமைந்த பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடம் பேசப்பட்டது. பெரிய கூடமும் ஐம்பது வாத்தியக்காரர்களும் இல்லாமல், ஓர் அறையிலிருந்து அப்படியொரு ஓசை வரமுடியும் என்ற செய்தி அன்றைய இளைஞர்களைப் பித்துப்பிடிக்க வைத்தது. பாடலைக் கேட்டவர்கள் அதன் ஓசையைத்தான் வியந்தார்கள். தொழிலில் இருந்தவர்கள் வியந்தது அந்த அறையை. அறை சாத்தியமென்றால் அம்பத்தூரும் சாத்தியம்தானே.

*

1990களின் இறுதியில் நம்மவர் வீடுகளுக்கு வந்த கணினிகளோடு பதினான்கு, பதினைந்து அங்குலக் குழாய்த் திரைகள் வந்தன. பதினைந்து என்பது கண்ணாடியின் பெயரளவு. கண்ணுக்குத் தெரிவது பதினான்குக்கும் சற்றுக் குறைவு. 640 × 480 என்பது 1987இல் ஐ.பி.எம். வகுத்த அளவு. அதிலிருந்து 800 × 600க்கும், பிறகு 1024 × 768க்கும் நாம் ஏறினோம். இலக்கிய அன்பர்களுக்கு இந்த ஏற்றம் வேறொரு வகையில் நினைவிருக்கும். திஸ்கி எழுத்துருவை இறக்கிக்கொண்டு, இணையத்தில் தமிழை முதன்முதலாகப் படித்த நாட்கள் அவை. 800 × 600இல் 'ணை'யும் 'ளை'யும் ஒன்றோடொன்று குழம்பும். 1024க்கு மாற்றினால் எழுத்து தெளியும், ஆனால் எறும்பளவு சுருங்கும். அதே தராசில்தான் அதே ஊரின் இசைக்காரரும் நின்றார். எட்டுத் தடங்கள் பெரிதாகத் தெரிவதா, பதினைந்து தடங்கள் சிறிதாகத் தெரிவதா?

குழாய்த் திரைக்கு ஒரு பெருந்தன்மை உண்டு. எந்த அளவைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். 800லும் 1024லும் அதனதன் அளவில் தெளிவாக இருக்கும். பின்னால் வந்த தட்டைத் திரைகளுக்கு அந்தக் குணம் இல்லை. அவற்றில் புள்ளிகள் கல்லில் பொறித்தாற்போல நிலையானவை. பிறவி அளவைத் தவிர வேறெதைக் கொடுத்தாலும் ஓரங்கள் மங்கும். குழாய்த் திரையின் கெட்ட குணங்களும் இருந்தன. நொடிக்கு அறுபது தடவை என்று வைத்தால் ஓரக்கண்ணில் மினுங்கும். எண்பத்தைந்துக்கு ஏற்றினால் நிற்கும். ஆனால் எல்லா அட்டைகளும் உயர்ந்த அளவில் எண்பத்தைந்தைத் தராது. மின் கித்தாரை அதன் அருகில் கொண்டுபோனால் திரையின் காந்தப்புலம் கம்பிச்சுருளில் ஏறி 'ங்ங்' என்று இரையும். கித்தார்க்காரர்கள் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி, இரைச்சல் குறையும் திசையைக் கண்டுபிடித்து அங்கேயே அசையாமல் அமர்ந்து வாசித்தார்கள். பதிவு முடியும்வரை திரையை அணைத்துவிடுவதும் உண்டு. குருட்டுத்தனமாகப் பதிவுப் பொத்தானை அழுத்தப் பழகியவர்கள் அவர்கள்.

திரை வாங்க ரிச்சி தெருவுக்குத்தான் போகவேண்டும். ஆவடியிலிருந்து வருகிறவர் அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம் என ஒவ்வொரு நிலையமாகக் கடந்து சென்ட்ரலில் இறங்க வேண்டும். பதினேழு அங்குலக் குழாய்த் திரை பதினைந்து கிலோவுக்கு மேல். அதை மடியில் வைத்துக்கொண்டு மாலைநேர மின்ரயிலில் திரும்பியவர்களுக்கு இரண்டு அங்குலத்தின் விலை தோளில் தெரியும்.

இந்தக் காலத்தில்தான் 1997இன் இறுதியில் பிறந்த ஃப்ரூட்டிலூப்ஸ் நம் வட்டாரத்துக்குள் நுழைந்தது. 2003இல் அதன் பெயர் எஃப்.எல். ஸ்டூடியோ ஆயிற்று. பதினாறு பொத்தான்கள் வரிசையாக நிற்கும் அதன் சிறு பலகை 800 × 600 திரையிலும் முழுசாக அடங்கியது. பாடல் முழுவதையும் காட்டவேண்டிய மென்பொருட்கள் திணறிய திரையில் இது சுகமாக அமர்ந்தது என்பதை அதன் செல்வாக்குக்கான காரணங்களில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். மற்றொரு காரணமும் உண்டு. 2002இல் லாஜிக்கின் தாய் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கி, விண்டோஸ் கணினிகளுக்கான பதிப்பை நிறுத்திவிட்டது. ஆப்பிள் கணினி வாங்க முடியாத புறநகர்க்காரர்களின் முன் ஒரு கதவு சாத்தப்பட்டது.

*

2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அப்போது அதே மாவட்டத்தைச் சேர்ந்தவை. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படித்த லட்சக்கணக்கான பிள்ளைகளின் கைக்கு, அவர்கள் குடும்ப வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு கணினி வந்தது. இத்திட்டத்தின் அரசியல், பொருளாதார விவாதங்கள் பலமுறை நடந்தவை. நாம் இங்கே பார்ப்பது அந்தப் பெட்டியின் திரையை மட்டுமே. அக்காலத்து மலிவு மடிக்கணினிகள் எல்லாவற்றையும்போல அதில் 1366 × 768 புள்ளிகள்.

இந்த எண் எங்கிருந்து வந்தது? அகலத்திரைத் திரைப்படத்துக்காக வந்தது. 1024 × 768இன் உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அகலத்தை மட்டும் இழுத்தால் கிடைப்பது இது. படம் பார்க்க நல்லது. இசை செய்யவோ? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 768 வரிகளில் கீழே பணிப்பட்டை, மேலே தலைப்பும் பட்டியலும், பிறகு கருவிப்பட்டையும் கால அளவுகோலும் சேர்ந்து ஏறத்தாழ 180 வரிகளை விழுங்கிவிடும். ஒலிக்கலவைப் பலகையைத் திறந்தால் இன்னொரு 330. எஞ்சுவது 258. தடம் ஒன்றுக்கு 26 வரி என்றால் பத்துத் தடங்கள்கூடச் சரியாகத் தெரியாது. ஒரு தேவாலயப் பாடற்குழுவின் பதிவை எடுத்துக்கொள்வோம். நான்கு குரல் பிரிவு, இரண்டு தனிக்குரல், இரண்டு கீபோர்டு, ஒரு பேஸ், இரண்டு கித்தார், டிரம்ஸுக்கு ஆறு, தபலாவுக்கு இரண்டு, டோலக் ஒன்று. இருபது தடங்கள். பாதிப் பாடல் எப்போதும் மறைவில். மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருக்கவேண்டும். உருட்டும் ஒவ்வொரு முறையும் காது ஒரு கணம் கவனத்தை இழக்கிறது. தாளின் காலத்தில் இந்த இழப்பு இல்லை.

ஆனாலும் அந்தப் பெட்டிக்கு ஒரு வரம் இருந்தது: அதன் மின்கலம். 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வதைத்த மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2012இல் சென்னைக்கே அன்றாடம் இரண்டு மணி நேரம். மற்ற மாவட்டங்களுக்கு அதைவிட மிகுதி. மேசைக்கணினிக்காரர்கள் யூ.பி.எஸ். கூச்சலிடும் ஐந்து நிமிடத்துக்குள் சேமித்துவிட்டு எழுந்திருக்க, மடிக்கணினிப் பையன் மின்விசிறி நின்ற அறையில், அதனாலேயே கிடைத்த அமைதியில், குரல் பதிவு செய்துகொண்டிருந்தான். மின்வெட்டைப் போலச் சிறந்த ஒலிப்பதிவுக்கூடம் அந்த நாட்களில் வேறில்லை.

அந்தச் சின்னத் திரைக்கு வந்த மாற்று மருந்துதான் இந்த வரலாற்றில் நமக்கு மிகவும் பிடித்த அத்தியாயம். 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில், 2000க்குப் பிறகு பழைய ஆலைகள் சிலவற்றின் இடத்தில் கண்ணாடி முகப்புக் கணினி அலுவலகங்கள் எழுந்தன. அலுவலகங்கள் அகலத்திரைக்கு மாறியபோது, அவற்றின் பழைய பதினேழு, பத்தொன்பது அங்குலத் தட்டைத் திரைகள் மூட்டையாக வெளியேறின. ஏறக்குறைய சதுரமான, யாரும் விரும்பாத 1280 × 1024 திரைகள் அவை. பழைய பொருள் கடைகளில் புதிய திரையின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைத்தன. விவரம் தெரிந்தவர்கள் அள்ளிக்கொண்டார்கள். ஏனென்றால் அந்த 'பழைய' திரையின் உயரம் 1024. 'புதிய' மடிக்கணினியின் உயரம் 768. மடிக்கணினியின் பக்கவாட்டுத் துளையில் ஒரு கம்பியைச் செருகி, ஒலிக்கலவைப் பலகையைச் சின்னத் திரையிலும், தடங்களைச் சதுரத் திரையிலும் வைத்தால் முப்பது தடங்கள் உருட்டாமல் தெரியும். பாடற்குழு மொத்தமும் ஒரே பார்வையில். இசைக்குறிப்புத் தாள் திரும்பி வந்தது என்றே சொல்லலாம்.

*

2012 ஜூனில் ஆப்பிள் 2880 × 1800 புள்ளிகள் கொண்ட மடிக்கணினியை வெளியிட்டது. அதிலிருந்து திரைகளின் வரலாறு வேறு பாதையில் திரும்பியது. அதுவரை புள்ளி கூடினால் இடம் கூடியது. இனிப் புள்ளி கூடினால் தெளிவு மட்டுமே கூடும். இந்த வேறுபாடு புரியாமல் பணத்தை இழந்தவர்கள் பலர் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மனிதக் கண் பிரித்தறியும் மிகச்சிறிய கோணம் சுமாராக ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. அறுபது சென்டிமீட்டர் தொலைவில் அது 0.175 மில்லிமீட்டர். இருபத்து நான்கு அங்குலத் திரையில் 1920 × 1080 என்றால் ஒரு புள்ளி 0.277 மி.மீ. இருபத்தேழு அங்குலத்தில் 2560 × 1440 என்றால் 0.233. அதே இருபத்தேழில் 4கே, அதாவது 3840 × 2160 என்றால் 0.156. கடைசியது கண்ணின் எல்லைக்கும் கீழே போய்விட்டது.

இனி எழுத்துக்கு வருவோம். பன்னாட்டுத் தர அமைப்பின் 9241 எண் நெறிகள், திரையில் எழுத்தின் உயரம் கண்ணில் குறைந்தது பதினாறு கலையாவது விரிய வேண்டும் என்கின்றன. இருபது கலை நல்லது. கலை என்பது மேலே சொன்ன அறுபதில் ஒரு பங்குதான். அறுபது சென்டிமீட்டரில் பதினாறு கலை என்பது 2.8 மி.மீ. இசைக்கருவிகளைத் திரையில் போலச்செய்யும் ப்ளக்-இன்களில் குமிழ்களுக்குக் கீழே பொறித்திருக்கும் எழுத்து பலவற்றில் பத்துப் புள்ளி உயரம்தான். இருபத்து நான்கு அங்குல 1080இல் அது சரியாக 2.8 மி.மீ. காக்களூரில் கொடுத்ததுபோன்ற பதினான்கு அங்குல மடிக்கணினியில் 2.3. பெரிதாக்கம் செய்யாத 27 அங்குல 4கேயில் வெறும் 1.6 மி.மீ.; மருந்துப் புட்டியின் பின்பக்கத்து எழுத்து.

பெரிதாக்கிக்கொள்ளலாமே என்பார்கள். ஆக்கலாம். ஆனால் 4கே திரையில் இரண்டு மடங்கு பெரிதாக்கினால் கிடைக்கும் இடம் மீண்டும் 1920 × 1080தான். ஒன்றரை மடங்கென்றால் 2560 × 1440. நான்கு மடங்கு புள்ளிக்குப் பணம் கொடுத்துவிட்டு, தடங்களின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் கூடாமல் நிற்பவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இலக்கியம் படிக்க, புகைப்படம் திருத்த அந்தத் தெளிவு பெரும்பேறு. ஒலியலையின் நெளிவைப் பார்க்க அது அவ்வளவாகத் தேவையில்லை.

மென்பொருட்களும் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தன. திரைக்கேற்றபடி தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளும் வடிவத்துக்கு எஃப்.எல். ஸ்டூடியோ 2015இல் மாறியது. விண்டோஸில் கியூபேஸுக்கு அந்த வசதி 2018இல் வந்தது. மென்பொருள் மாறினாலும், பத்தாண்டுக்கு முன் வாங்கிய ப்ளக்-இன்கள் மாறவில்லை. அவற்றின் சாளரங்கள் புள்ளிக் கணக்கில் அச்சடித்த படங்கள். அவை 4கே திரையில் தீப்பெட்டியளவு தெரியும். வலிந்து பெரிதாக்கினால் மங்கும். இவற்றோடு பழைய கணினியின் தொல்லையும் சேரும். பழைய ஹெச்.டி.எம்.ஐ. துளை 4கே படத்தை நொடிக்கு முப்பது தடவைதான் அனுப்பும். பாடல் ஓடும்போது நகரும் செங்குத்துக்கோடு தத்தித் தத்திப் போகும். தாளத்தைக் காதால் கேட்டுக்கொண்டு, தாளம் தப்பும் கோட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதைவிடப் பெரிய எரிச்சல் இத்தொழிலில் குறைவு.

அப்படியானால் எதை வாங்குவது? முதல் ஸ்டூடியோ அமைக்கும் இளைஞருக்கு, இரண்டடி ஆழமே உள்ள மேசைக்கு, இருபத்து நான்கு அங்குல 1080 போதும். மேலே போட்ட அதே கணக்கில், ஒலிக்கலவைப் பலகை திறந்திருக்கும்போதே இருபத்திரண்டு தடங்கள் தெரியும். 1920 × 1200 கிடைத்தால் தயங்காமல் அதை எடுக்கலாம். அந்த 120 வரிகள் இன்னும் நான்கு தடங்கள். முழுநேரத் தொழிலாகச் செய்பவருக்கு 2560 × 1440. அப்போது முப்பத்தைந்து தடங்கள். ஆனால் இருபத்தேழு அங்குலத்தில் இந்த அளவு நாற்பது வயதுக்காரர்களுக்குச் சற்றே பொடி. திரை விமர்சகர்கள் ஏளனம் செய்யும் முப்பத்திரண்டு அங்குல 1440 திரையை நாம் இங்கே பரிந்துரைப்போம். அதன் புள்ளி 0.277 மி.மீ.; இருபத்து நான்கு அங்குல 1080இன் அதே பருமன். அட்டாரியின் பாடம் இங்கே திரும்ப வருகிறது. கண்ணுக்கு இதமான புள்ளியின் பருமன் முதலில். எத்தனை புள்ளிகள் என்பது பிறகு. 4கே வாங்கித்தான் தீரவேண்டும் என்பவர்கள் முப்பத்திரண்டுக்குக் கீழே வாங்காதிருப்பது நலம்.

இதில் பலரும் மறக்கும் ஒன்று உண்டு. இசைக்காரர் அகராதியில் 'மானிட்டர்' என்ற சொல்லுக்கு முதல் பொருள் ஒலிபெருக்கி. இரண்டு மானிட்டர்களுக்கு நடுவே மூன்றாவது மானிட்டராகத் திரை வந்து அமர்கிறது. ஒலிபெருக்கிகள் இரண்டும் கேட்பவரின் தலையும் சமபக்க முக்கோணமாக அமைவது மரபு. பத்துக்குப் பத்து அறையில் அந்த முக்கோணத்தின் பக்கம் ஒரு மீட்டர், மிஞ்சினால் கொஞ்சம் கூட. முப்பத்திரண்டு அங்குலத் திரையின் அகலம் 71 சென்டிமீட்டர், உள்ளே அடங்கும். நாற்பத்து மூன்று அங்குலத் தொலைக்காட்சியை மாட்டிக்கொள்ளும் புதுப்பழக்கம் ஒன்று வந்திருக்கிறது. அது 95 சென்டிமீட்டர். ஒலிபெருக்கிகளைச் சுவரை நோக்கித் தள்ளிவிடும். சுவரோரத்தில் தாழ்ந்த ஒலிகள் வீங்கும். காதுக்கு முன்னால் நிற்கும் அகலக் கண்ணாடி மேலோசைகளைத் திருப்பி அடிக்கும். எனவே திரையை ஒலிபெருக்கிகளின் முகத்துக்குச் சற்றுப் பின்னால், கொஞ்சம் தாழ்த்தி, மேல்விளிம்பு கண்மட்டத்தைத் தாண்டாமல் வைப்பார்கள். தாழ்த்தினால் கழுத்துக்கும் நல்லது.

கடைசியாகத் தமிழைப் பற்றி ஒரு சொல். தடங்களுக்குப் பெயரிடும் சிறு பெட்டி பெரும்பாலான மென்பொருட்களில் ரோமன் எழுத்தின் உயரத்தை எண்ணி வரையப்பட்டது. நம் எழுத்துகளுக்கு மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரக் கொம்பும் உண்டு. பத்துப் புள்ளி உயரத்தில் 'தவில்' என்பதன் புள்ளி காணாமற்போய் 'தவில' ஆகும். 'குழல்' இன்னும் மோசம். அதனாலேயே தமிழில் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்களும் தடத்தின் பெயரை ரோமன் எழுத்தில் வைத்துவிடுகிறார்கள். பெரிதாக்கத்தை நூற்றிருபத்தைந்து விழுக்காட்டுக்கு ஏற்றினால் தமிழ் தெரிகிறது. தடங்கள் ஐந்தில் ஒன்று குறைகின்றன. 1440 வரிகள் உள்ள திரையில் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ள முடியும். 768இல் முடியாது. நாகஸ்வரம், தவில், ஒத்து, தாளம், உறுமி, பம்பை எனத் தடங்கள் வரிசையாகத் தமிழிலேயே நிற்கும் ஒரு திரையை அண்மையில் பூந்தமல்லிப் பக்கம் ஓர் அறையில் கண்டோம். முப்பத்திரண்டு அங்குலம், 2560 × 1440, நூற்றிருபத்தைந்து விழுக்காடு.